இடது பக்கத்துச் செதில்கள்

ஆவணி 6, வெள்ளி

பெனிட்டா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து ஆவுடைக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் அவள். செவ்வாயும் வெள்ளியும் வருவாள். மற்ற நாட்களில் நோயாளி என்ன சாப்பிட்டாள், என்ன செய்தாள் என்று குறித்து வைக்க வேண்டுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும். சங்கதி ஒன்றும் விட்டுப்போகாது. ஞாபகத்தில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது.

ஆவுடை என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீடு ஒன்றுதான், பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தது. கிழக்குப் பாதி அவளுக்கு, மேற்குப் பாதி எனக்கு. என் மகள் கலாவதி கல்யாணத்திலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆடி மாதம் ஒரு காலையில் அவள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் சுவருக்கு அடியில் நுழைந்து என் முற்றத்துக்கு வந்தது. சண்டை போடத்தான் போனேன். அடுப்படியில் கிடந்தாள். வாதம். இடது கையும் இடது காலும் விளங்கவில்லை. மஸ்கட்டிலிருந்து அவள் மகன் பேச்சிமுத்து ஓடி வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

"சித்தி, புரட்டாசி கடைசி வரைக்கும் பாத்துக்கிடுங்க. லீவு போட்டு வாரேன். அம்மா தேறியிருந்தா அவ வீட்ல இருக்கட்டும். இல்லன்னா மதுரையில ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன்."

தெருவே பார்க்கக் காலில் விழுந்தான். நான் என்ன செய்ய?

தேறட்டும். தேறித் தன் வீட்டுக்குப் போகட்டும். எனக்கு அவ்வளவு போதும்.

காலை: இட்லி. மதியம்: ரசம் சாதம். வெளிக்குப் போனாள்.

ஆவணி 7, சனி

புளிக்குழம்பும் அவியலும் வைத்துத் தட்டை மடியில் கொடுத்தேன். கோடு கிழித்ததுபோலப் பாதியைத் தின்றாள். மீதியைத் தொடவே இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "அவியல் வாசனை வருது, எனக்கு வைக்க மனசு வரலையோ?" என்றாள்.

அவியல் தட்டில்தான் இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னால்.

கலாவதி கல்யாணத்திலும் இதையேதான் செய்தாள். தை மாதம், சத்திரத்தில், ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த பந்தியில் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். சாம்பார்கூட ஊற்றியிருக்கவில்லை. மயில் கழுத்துப் பட்டு கட்டியிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் வந்து, "உங்க அக்கா கை நனைக்காமப் போறாங்களே, என்ன குறை?" என்று கேட்டாள். அந்த அத்தையின் மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருந்தது. எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆவணி 9, திங்கள்

கட்டிலுக்கு இடது பக்கம் முக்காலி போட்டு உட்காரும்படி பெனிட்டா சொல்லியிருக்கிறாள். உட்கார்ந்தேன். மாத்திரை போட வேண்டும் என்றேன். அவள் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். வலது பக்கம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, "யாரோ கூப்பிடுதா" என்றாள்.

யாரோவாம்.

நான் மலம் அள்ளுகிறேன். தலை வாரிவிடுகிறேன். இந்த வயதில் அவளைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு கழன்றுவிட்டது. என் வீட்டில், என் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை ஆளாகவே மதிக்கவில்லை. நாளைக்கு பெனிட்டா வரட்டும், சொல்லிவிடப் போகிறேன்: கூட்டிக்கொண்டு போங்கள் என்று.

ஆவணி 10, செவ்வாய்

சொன்னேன். பெனிட்டா சிரிக்கவில்லை.

"ஆச்சி, அவங்க வேணும்னு செய்யல. வாதம் வந்து மண்டையில அடி விழுந்த இடம் அப்படி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்கு மறந்துபோச்சு. தட்டுல இடது பாதி கிடையாது. ரூம்ல இடது பாதி கிடையாது. அங்க உக்காந்திருந்தா நீங்களும் கிடையாது."

"அப்ப நான் வலது பக்கம் உக்காந்துக்கிடுதேன்."

"கூடாது. நீங்க அங்கதான் இருக்கணும். தேடித் தேடித்தான் தலை திரும்பும்."

பிறகு பையிலிருந்து சதுரச் சதுரமாக வெட்டிய கெட்டி வெள்ளை அட்டைகளும் கறுப்பு மைப் பேனாக்களும் எடுத்தாள். ஒவ்வொரு அட்டையின் இடது ஓரத்திலும் சிவப்பில் தடித்த கோடு. ஆவுடை முதலில் அந்தச் சிவப்புக் கோட்டைத் தேடித் தொட வேண்டும். தொட்ட பிறகு அங்கிருந்து வரைய ஆரம்பிக்க வேண்டும். அட்டைக்குள் மனம் போனபடி ஒரு வளைகோடு. அது பிரிக்கிற ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சின்ன உருவம், திரும்பத் திரும்ப, அறை நிறைகிறவரை. மீன் செதில், அலை, பாய்ப் பின்னல், வேப்பிலை. மூச்சை மெல்ல விட்டு மெல்ல இழுத்து, அவசரமில்லாமல். ரப்பர் கிடையாது. கோணினால் கோணட்டுமாம், அதையும் சேர்த்துக்கொண்டு மேலே போக வேண்டுமாம்.

கோலத்துக்காவது புள்ளிக் கணக்கு உண்டு. இதற்கு ஒரு கணக்கும் இல்லை.

ஆவுடை சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. அட்டையின் நடுவிலிருந்து வலது பக்கம் மட்டும் செதில் செதிலாக நிரப்பிவிட்டு, "முடிஞ்சுட்டு" என்று நீட்டினாள். பாதி அட்டை வெள்ளையாக இருந்தது.

பெனிட்டா என் கையிலும் ஓர் அட்டையைத் திணித்தாள். "நீங்களும் அந்தப் பக்கத்துல உக்காந்து வரைங்க, ஆச்சி. பேனாச் சத்தத்துக்காவது திரும்புவாங்க."

ஆக, வேண்டுமென்று செய்யவில்லை. சரி. கல்யாணத்தன்று மண்டையில் அடி எதுவும் விழவில்லையே?

ஆவணி 11, புதன்

மதியம் தட்டை அவள் மடியிலேயே அரை வட்டம் திருப்பிவிட்டேன்.

"இந்தக் கூட்டு எங்க இருந்து வந்தது?"

"மானத்துல இருந்து விழுந்தது. தின்னு."

முழுச் சோறும் உள்ளே போனது.

ஆவணி 19, வியாழன்

சமையல், துணி, மூத்திரப் பாய், மாத்திரை, கால் பிடித்துவிடுதல். பொழுது சாய்கிற நேரத்தில் அட்டை. கைத்தடி பிடித்துக் கழிவறைவரை நடக்கிறாள், வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு.

நான் செதில்தான் போடுகிறேன். அரை வட்டம், பக்கத்தில் அரை வட்டம், இரண்டுக்கும் இடுக்கில் கீழே ஒன்று. செதிலுக்கு ஒரு சங்கதி தானாக வருகிறது. நான் முழுகாமல் இருந்தபோது, தான் ஒருத்தியே கிணற்றில் நூறு குடம் இறைத்ததாக என் காதுபட மாமியாரிடம் பீற்றிக்கொண்டாள், அது ஒரு செதில். என் அம்மா கொடுத்த வெண்கலப் பானையைத் தன் பரணில் ஏற்றினாள், ஒரு செதில். சுவர் வைத்த அன்று கொத்தனாரிடம், "மேற்குப் பக்கம் பூசாட்டாலும் பரவாயில்ல" என்றாள், பெரிய செதில். அட்டை தீர்ந்துவிடுகிறது, சங்கதி தீரவில்லை.

பெனிட்டா பார்த்துவிட்டு, "ஆச்சிக்கு மனசு நல்லா அடங்குது போல, எவ்வளவு ஒழுங்கா வருது" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஆவணி 24, செவ்வாய்

சிவப்புக் கோட்டை இன்றும் தொடவில்லை. பெனிட்டா அவள் தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். திருப்பினால் பார்க்கிறாள். விட்டால் பம்பரம்போல வலது பக்கம் போய்விடுகிறது தலை.

ஆவணி 30, திங்கள்

இன்று அவளே ஆரம்பித்தாள். பேனாவைக் கீழே வைக்காமல், ஜன்னலைப் பார்த்தபடி.

"ஏளா, கலா கல்யாணத்துல முதல் பந்தியில யாரு யாரு உக்காந்தா? உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

எனக்குத் தெரியாதா? சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா, அவர் தம்பிகள் இரண்டு பேர், சங்கரன்கோயில் பெரியப்பா, என் அண்ணன், என் அண்ணன் பெண்டாட்டி, மாப்பிள்ளை வீட்டு அத்தை, பால் பண்ணைக்காரர், அவர் பெண்டாட்டி, எதிர்வரிசையில் என் தங்கைகள்...

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பெண்ணுக்குப் பெரியம்மா எங்க?"

நான் பேனாவுக்கு மூடியைத் தேடினேன்.

"அடுப்படியில பாயசம் கிண்டிட்டு நின்னேன். யாரும் கூப்பிடல. மூணாம் பந்தியில கடைசி இலை. சமையக்காரன் பக்கத்துல."

பந்திக்கு ஆள் கூப்பிடுகிற வேலை என் வீட்டுக்காரருடையது. என்னுடையது இல்லை. அவர் இப்போது இல்லை, கேட்கவும் முடியாது. இதை இத்தோடு விடுகிறேன்.

கால் வீக்கம். எனக்கு. அவளுக்கு இல்லை.

புரட்டாசி 4, சனி

பெனிட்டாவின் அக்காவுக்குத் தூத்துக்குடியில் பிரசவ நேரம். ஐப்பசியில்தான் வருவாளாம். போவதற்கு முன் ஸ்கூட்டரில் இருந்தபடியே சொன்னாள்: "தட்டைத் திருப்புறீங்க, தெரியும். பசிக்கிற வயிறு, சரி. அட்டையை மட்டும் திருப்பிக் கொடுத்துராதீங்க, ஆச்சி. தலைதான் திரும்பணும்."

சரி என்றேன்.

புரட்டாசி 7, செவ்வாய்

ஓர் அட்டை போடுவதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடுகிறது. "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தித் தொண்டை கட்டிப்போனது. அவளுக்கும் அழுகை. "என்ன இருக்கு அங்க, ஒண்ணுமில்லையே, ஏன் இந்தப் பாடு படுத்துத?" என்கிறாள்.

அடுப்பில் பால் வேறு பொங்கி வழிந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்புக் கோடு அவள் வலது கைக்குக் கீழே வந்துவிட்டது. "அட, இங்கதானே இருக்கு!" என்று தொட்டுவிட்டு, மீதிப் பாதியையும் செதிலால் நிரப்பினாள். நெருக்கி நிறைந்த செதிலில் பாதி தலைகீழாக இருந்தால்தான் என்ன? எந்தப் பக்கத்திலிருந்து போட்டாள் என்று யார் கண்டுபிடிக்க முடியும்?

ஒரு நாள்தான். நாளையிலிருந்து திருப்பப் போவதில்லை.

புரட்டாசி 8, புதன்

திருப்பினேன்.

புரட்டாசி 10, வெள்ளி

திருப்பினேன். சீக்கிரம் படுத்தோம்.

செதில் போடும்போது இன்று எந்தச் சங்கதியும் வரவில்லை. வெறும் பேனாச் சத்தம். இரண்டு பேனா. பயந்துபோய், வெண்கலப் பானை எந்த வருஷம் என்று வலிய நினைத்துப் பார்த்தேன். வந்தது. கலாவதி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். நல்லவேளை.

புரட்டாசி 13, திங்கள்

பேச்சிமுத்து வந்துவிட்டான். பேரீச்சம்பழம், தைலம், எனக்கு ஒரு சேலை. அம்மா தடியூன்றி எதிரே நடந்து வந்ததைப் பார்த்துக் கண் கலங்கினான். அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஆவணி மாதத்து அட்டைகள் பாதி வெள்ளை. புரட்டாசி அட்டைகள் ஓரம்வரை கறுப்பு.

"சித்தி! முழுசா வரையுதாளே! அப்ப இடது பக்கம் தெரியுது, என்ன?"

ஆவுடை முகம் பூத்துவிட்டது. "நான் நல்லாத்தான் இருக்கேன், இவதான் என்னை நோயாளியாக்கி வச்சிருக்கா."

"விஜயதசமியன்னைக்கு நல்ல நாள். வீட்டைத் திறந்து பால் காய்ச்சிருவோம்" என்றான் பேச்சிமுத்து.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். தேறி வீட்டுக்குப் போகட்டும் என்றுதானே இவ்வளவு நாளும் இருந்தேன். பெனிட்டா வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும்போல இருக்கிறது.

புரட்டாசி 15, புதன்

சரஸ்வதி பூசை. பேனா, அட்டை, இந்த டைரி எல்லாவற்றையும் பூசையில் வைக்கச் சொன்னாள் ஆவுடை. "கையால செய்யுத தொழில் இப்ப எனக்கு இதுதான்" என்றாள். இன்று யாரும் வரையக் கூடாது, எழுதவும் கூடாது. இதை மறுநாள் எழுதுகிறேன்.

விளக்கு முன்னால் அவளாகத் தலை வாரி உட்கார்ந்திருந்தாள். வலது பாதி எண்ணெய் தடவி வழவழவென்று இருந்தது. இடது பாதி படுக்கையிலிருந்து எழுந்த சிக்கோடு அப்படியே. வலது காதோரம் மட்டும் மல்லிகை.

பேச்சிமுத்து போனில் இருந்தான், பார்க்கவில்லை. நான் சீப்பை எடுத்து மறு பாதியை வாரிவிட்டேன். 

புரட்டாசி 16, வியாழன்

கை எரிகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அவள் வீட்டைத் திறந்தோம். சுவர் வைத்தபின் நான் அங்கே நுழைந்தது, அவள் கிடந்த அன்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை. அடுப்பில் இரண்டு பர்னர். வலது பர்னரில் பால் வைத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு, தன் அடுப்படி, தன் அடுப்பு. பேச்சிமுத்து தேங்காய் வாங்கி வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடைக்கு ஓடுகிற அவசரத்தில் சக்கரைப் பொங்கலுக்காக இடது பர்னரை ஏற்றிவிட்டுப் போனதும் அவன்தான். பானை இன்னும் வைக்கவில்லை, வெறும் தீ எரிந்தது.

அவளுக்கு அந்தத் தீ கிடையாது. அந்த அடுப்புப் பாதியே கிடையாது. இடது தோளிலிருந்து தொங்கிய முந்தானை அதன்மேல் போய் விழுந்தது. அவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொங்குகிறதா என்று.

"யக்கா!"

முந்தானையை இழுத்துக் கையாலேயே அணைத்தேன். சேலையில் ஒரு முழம் போனது. என் உள்ளங்கையில் கொப்புளம். அவளுக்கு ஒன்றுமில்லை.

"ஏன் இப்படி இழுக்க? பால் கொட்டியிருக்கும்" என்றாள். பிறகு கரிந்த முந்தானையை அவள் வலது கையில் கொடுத்தேன். பார்த்தாள். கரியைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

பேச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். பூசையில் இருந்து ஒரு புது அட்டையை எடுத்து, திருப்பாமல் அவன் எதிரிலேயே அவளிடம் கொடுத்தேன். வரைந்தாள். பாதி வெள்ளை.

"முடிஞ்சுட்டா, அம்மா?"

"முடிஞ்சுட்டு."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "திருப்பித் திருப்பிக் கொடுத்தீங்களா, சித்தி? ஏன்?"

"அலுத்துப்போச்சுப்பா" என்றேன். 

மதுரை முதியோர் இல்லத்துக்குப் போன் போட எழுந்தான். ஆவுடை என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் அடுப்படிச் சுவரை வலது கையால் தடவிக்கொண்டு நின்றாள். "பேச்சி, ஜன்னல் இருக்குத ரூமா கேளு" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. "போனை வை. கொத்தனாரைக் கூப்பிடு" என்றேன்.

"எதுக்கு, சித்தி?"

"பட்டாசல் சுவர்ல ஒரு வாசல் இடிக்கணும். அடுப்பு எங்க வீட்ல மட்டும் எரியட்டும். இங்க சிலிண்டரைக் கழட்டிரு. அவ வீட்ல அவ படுத்துக்கிடட்டும்."

"இடது பக்கம் யாரு பாக்குறது?"

"அந்தப் பக்கத்துல இவ்வளவு நாளா யாரு உக்காந்திருந்தா? உங்க அப்பாவா?"

சாயங்காலம் ஆவுடை கேட்டாள்: "காலையில என்னை என்னன்னு கூப்பிட்ட?"

"ஒண்ணும் கூப்பிடல."

"காதுல விழுந்தது."

"எந்தக் காதுல?"

சிரித்தாள். வலது பக்கம் மட்டும்.

ஐப்பசி 2, ஞாயிறு

பேச்சிமுத்து நேற்றே விமானம் ஏறிவிட்டான். கொத்தனார் வாசல் இடித்தான். வீடெங்கும் தூசி, துடைத்துத் துடைத்து முடியவில்லை. தீபாவளிக்கு முறுக்குகூடச் சுடவில்லை. மேற்குப் பக்கம் பூச வேண்டுமா என்று கேட்டான். "இரண்டு பக்கமும் பூசு" என்றேன், ஆவுடைக்குக் கேட்கும்படி.

கட்டிலை அவள் வீட்டில் போட்டாயிற்று. புது வாசல் அவளுக்கு இடது பக்கம் வருகிறது. நான் போகும்போதெல்லாம் திடுக்கிட்டு, "யாரு?" என்கிறாள். நாளெல்லாம், "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஐப்பசி 7, வெள்ளி

பெனிட்டா வந்தாள். அவள் அக்காவுக்குப் பெண் குழந்தை. அட்டை திருப்பிய கதையைக் கேட்டுவிட்டு என் உள்ளங்கையைப் பார்த்தாள். ஏசவில்லை. இனி இரண்டு பேருக்கும் ஒரே அட்டை என்றாள். இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. சிவப்புக் கோடு வேண்டாம், என் கையே போதுமாம்.

கொப்புளம் ஆறிய இடம் பேனா பிடித்தால் வலிக்கிறது. நடுவரை நான் செதில் போட்டு நிறுத்தினேன். அவள் நடுவிலிருந்து வலது பக்கம் போட்டாள். வழக்கம்போல அங்கே சுவர் இருக்கிற மாதிரி.

பெனிட்டா கிளம்பியபின் அட்டையைத் துணி மடிக்கிற மேசையில் வைத்துப் பார்த்தேன். நடுவில், கீழே, ஒரு செதில் எல்லை தாண்டியிருக்கிறது. என் செதில் ஒன்றின் மேலேயே ஏற்றிப் போட்டிருக்கிறாள், கோணலாக. நான் பார்க்காத நேரத்தில் தலை திரும்பியிருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது, நாளைக்கே சிலிண்டரைக் கேட்பாள்.

என் பக்கத்தில் அனுமதி கேட்காமல் ஏறி வந்திருக்கிறாள். மையில் போட்டது, அழிக்கவும் முடியாது. ஐப்பசி ஏழு, வெள்ளிக்கிழமை, விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். இதையும் நான் மறக்கமாட்டேன்.